120 வோல்ட் கமடோர் 64, 230 வோல்ட் சுவர்

அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த கமடோர் 64 வீட்டுக் கணினி ஒன்றும் அதன் 1541 டிஸ்க் டிரைவும் என்னிடம் வந்து சேர்ந்தன. 1982-இல் வெளிவந்த, ரொட்டிப் பெட்டி மாதிரி தடித்த அந்த முதல் வடிவம்தான். கணினிக்கு வெளியே தனியாக ஒரு கறுப்பு பவர் பிரிக். அதன் அடியில் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறது. டிரைவுக்கு டிரான்ஸ்ஃபார்மர் உள்ளேயே இருக்கிறது. முதுகில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். சுவரில் வருவதோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

இதற்கு எல்லோரும் சொல்லும் வழி ஒன்று உண்டு: ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கு, எல்லாவற்றையும் அதில் செருகு, வேலை முடிந்தது. ஓடும், பொய்யில்லை. ஆனால் அது வோல்டேஜை மட்டும்தான் குறைக்கும். உள்ளே போகும் 50 ஹெர்ட்ஸ் வெளியேயும் 50 ஹெர்ட்ஸாகத்தான் வரும். அச்சிட்ட இரண்டு எண்களில் நாம் எப்போதும் முதலாவதைத்தான் பார்க்கிறோம். இந்த வேலையில் என் நேரத்தைத் தின்றது பெரும்பாலும் இரண்டாவது எண்.

முதலில், கிட்டவே சேர்க்கக் கூடாத இரண்டு பொருட்கள். ஒன்று, பின் அடாப்டர். அது பின்னின் வடிவத்தை மாற்றும், அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் ஏறும் காந்தப் பாயம், வோல்டேஜை அதிர்வெண்ணால் வகுத்தால் வரும் எண்ணைப் பொறுத்தது. 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6. இரும்பு தாங்கும் எல்லையை இது எங்கோ தாண்டிவிடும். அதற்குமேல் சுருளில் கரண்ட்டைத் தடுக்க ஒன்றுமில்லை; அது கருகும். கருகுவதற்குள் 9 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதன் இருமடங்கை ஒட்டி வந்து, உள்ளே இருக்கும் சிப்புகளையும் கூட்டிக்கொண்டு போகும்.

இரண்டாவது, பயணத்துக்கென்று உள்ளங்கையில் அடங்குகிற, எடையே இல்லாத கன்வெர்ட்டர். முடி உலர்த்தி, இஸ்திரிப் பெட்டி போன்றவற்றுக்காகச் செய்தது. அதற்குள் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ட்ரையாக் என்ற எலக்ட்ரானிக் ஸ்விட்ச் ஒன்று ஒவ்வோர் அலையிலும் பெரும்பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை அனுப்புகிறது. சூடாக்கும் கம்பிக்கு மொத்த ஆற்றல்தான் கணக்கு, அதனால் அது பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த மிச்ச அலையின் உச்சம் 300 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். 120 வோல்ட் மின்சாரத்தின் இயல்பான உச்சம் 170 வோல்ட். கெப்பாசிட்டர் உச்சத்துக்குத்தான் நிரம்பும். கணினிக்கு இது வேண்டவே வேண்டாம்.

சரி, கணினிக்கு வருவோம். நல்லவேளையாக, கமடோர் 64-இன் உடலுக்குள் சுவர் மின்சாரம் நுழைவதே இல்லை. பிரிக்கிலிருந்து இரண்டு விஷயங்கள்தான் அதற்குப் போகின்றன: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. இந்த இரண்டையும் கொடுத்துவிட்டால் எந்த நாட்டுச் சுவரில் செருகியிருக்கிறோம் என்பது அதற்கு ஏறக்குறையத் தெரியாது. அந்த “ஏறக்குறைய” பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஆகவே பழைய பிரிக்கை ஸ்டெப்-டவுனில் செருகி ஓட்டுவது என்ற யோசனையையே கைவிட்டேன். வோல்டேஜ் ஒரு காரணம்தான். அந்தப் பிரிக் சரியான வோல்டேஜிலேயே நம்பத்தகாதது. உள்ளே முழுக்க எபாக்சி ஊற்றி அடைத்திருக்கிறார்கள். சூடு வெளியே போக வழியில்லை, பழுது பார்க்கவும் வழியில்லை. வோல்டேஜை நிலையாக வைக்க வேண்டிய 5 வோல்ட் ரெகுலேட்டர் வயதாகி அதற்குள் கெடும்போது பலமுறை வோல்டேஜ் விழுவதில்லை, ஏறுகிறது. முதலில் போவது 4164 வகை ரேம் சிப்புகள். 230 வோல்ட் நாடுகளில் விற்ற பழைய பிரிக்கும் இதே கதைதான். “அந்த ஊர்ப் பிரிக் ஒன்று தேடிப் பிடி, பிளக் ஒன்றுதானே” என்றும் சொல்வார்கள். பொருந்தும், ஆனால் முதுமையும் சேர்ந்து வரும்.

புதிதாக ஒன்று கட்டினேன். தடிமனான பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே 230 வோல்ட்டிலிருந்து 9 வோல்ட் ஏசி தரும் 20 விஏ (வோல்ட்-ஆம்பியர்) டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, நல்ல தயாரிப்பாளரின் 5 வோல்ட் 4 ஆம்பியர் ஸ்விட்சிங் மாட்யூல் ஒன்று. பழைய பிரிக்கின் 9 வோல்ட் பக்கம் 1 ஆம்பியருக்கானது. 20 விஏ அதற்கு இருமடங்கு. டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில், அதாவது சுவர்ப் பக்கச் சுருளில், 200 மில்லி ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ். மாட்யூலின் 5 வோல்ட் வெளியீட்டில் 2 ஆம்பியர் வேக ஃபியூஸ்.

அந்த 2 ஆம்பியர் ஃபியூஸ் தனியாக எதையும் காப்பாற்றாது. அதற்குப் பின்னால் ஒரு க்ரோபார் வைத்தேன்: 5 வோல்ட் தடத்தின் குறுக்கே ஒரு ட்ரையாக், அதைத் தூண்டுவதற்கு வோல்டேஜைக் கண்காணிக்கும் டிஎல்431 என்ற சிறு சிப். டிஎல்431-க்கு உள்ளே 2.495 வோல்ட் அளவுகோல் இருக்கிறது. மேலே 12 கிலோ ஓம், கீழே 10 கிலோ ஓம் என்று பிரித்தால் அது விழிக்கும் வோல்டேஜ் கணக்குப்படி 5.49. அதைத் தாண்டினால் ட்ரையாக் தடத்தை ஷார்ட் செய்யும், ஃபியூஸ் போகும், கணினி பிழைக்கும். ரிலே வைத்துத் துண்டிக்கும் வடிவமும் உண்டு. ஆனால் ரிலே சில மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். எனக்கு ஷார்ட் செய்கிற முரட்டு வழிதான் பிடித்தது. கட்டியவுடன் பெஞ்ச் சப்ளையில் வோல்டேஜை மெல்ல ஏற்றிப் பார்த்தேன். 5.5-ஐத் தொடும் முன்பே விழுந்தது. ரெசிஸ்டர்கள் 1 சதவீதத் துல்லியம் என்பதால் கணக்கோடு ஒத்துப்போனது.

இணைப்பு, டின் (DIN) எனப்படும் வட்டமான 7 பின் பிளக். 5-ஆம் பின் 5 வோல்ட், 2-ஆம் பின் தரை, 6-உம் 7-உம் 9 வோல்ட் ஏசி. வரைபடங்களில் இதைப் போட்டிருப்பார்கள், ஆனால் பிளக்கின் முன்பக்கத்திலிருந்து பார்த்ததா, சால்டர் பக்கத்திலிருந்து பார்த்ததா என்று சொல்லாமல் விட்டுவிடுவார்கள். இரண்டும் கண்ணாடிப் பிம்பம். மாறினால் கதை முடிந்தது. வரைபடத்தை நம்பாமல் போர்டையே கேட்டுக்கொள்ளலாம். ஸ்விட்சை ஆன் நிலையில் வைத்து, மின்சாரம் எதுவும் இல்லாமல், மல்டிமீட்டரின் ஒரு முனையை 4164 ரேமின் 8-ஆம் காலில் வைத்து சாக்கெட்டில் எந்தத் துளை ஒலிக்கிறது என்று பாருங்கள். அதுதான் 5 வோல்ட். 16-ஆம் கால் தரை. சாதாரண லாஜிக் சிப்புகளில் இது தலைகீழாக இருக்கும் என்பதால் பழக்கத்தில் கை மாற்றி வைத்துவிடும், நிதானம் தேவை.

இன்னொன்று. 9 வோல்ட் ஏசியின் இரு முனைகளில் எதையும் 5 வோல்ட்டின் தரையோடு சேர்க்கக் கூடாது. கணினிக்குள் அந்த ஏசி ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்குள் போகிறது; பிரிட்ஜின் மைனஸ் ஏற்கெனவே தரை. வெளியிலும் சேர்த்தால் ஒரு டையோடு வழியாக டிரான்ஸ்ஃபார்மர் ஷார்ட் ஆகும்.

கணினியோடு சேர்க்கும் முன் போலிச் சுமை: 5 வோல்ட்டில் 5 ஓம், 9 வோல்ட்டில் 10 ஓம், இரண்டும் பெரிய வயர்வூண்ட் ரெசிஸ்டர்கள். ஏறக்குறைய 1 ஆம்பியர் இரண்டு பக்கமும். ஒரு மாலை முழுக்க ஓடவிட்டுப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடு. 5 வோல்ட் 5.03-இல் நின்றது.

கணினி முதல் முறையிலேயே எழுந்தது. நீலத் திரை, 38911 பைட்டுகள் காலி. படம் என்டிஎஸ்சி, அதாவது அமெரிக்க டிவி முறை; என் மானிட்டர் அதையும் பால் முறையையும் சேர்த்து இரண்டு வகையையும் ஏற்கும், அதனால் அங்கே வேலையில்லை. ‘50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் செருகினால் படமும் 50-க்கு மாறிவிடுமா’ என்று கேட்பவர்கள் உண்டு. மாறாது. படத்தின் வேகம் உள்ளே இருக்கும் 14.31818 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலிலிருந்து வருகிறது, சுவரிலிருந்து அல்ல. நொடிக்குச் சுமார் 59.8 முறை திரை வரையப்படும், எங்கே செருகினாலும்.

ஆனால் படம் நடுங்கியது. பெரிதாக இல்லை, நீல வண்ணம் லேசாகத் துடித்துக்கொண்டே இருந்தது. ஒலியைக் கூட்டினால் அடியில் ஒரு மெல்லிய இரைச்சல்.

இங்கேதான் அந்த “ஏறக்குறைய”. 5 வோல்ட் டிசி சுத்தமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தத் தடித்த மாடலில் படம் வரையும் விஐசி சிப் அந்த 5 வோல்ட்டை வாங்குவதில்லை. 9 வோல்ட் ஏசியை உள்ளேயே டிசி ஆக்கி, போர்டில் இருக்கும் 7805 ரெகுலேட்டரில் இறக்கி, விஐசிக்கும் க்ளாக் சுற்றுக்கும் தனியாக 5 வோல்ட் தருகிறார்கள். அதே ஏசியை இரட்டித்து, 7812 வழியாக விஐசிக்கும் ஒலிச் சிப்பான சிட்-க்கும் 12 வோல்ட். அதாவது படமும் ஒலியும் சுவரின் அதிர்வெண்ணுக்குக் கிட்டத்தில் இருப்பவை.

ஆசிலோஸ்கோப்பை 7805-இன் உள்ளீட்டில் வைத்தேன். அலையின் பள்ளங்கள் 6.8 வோல்ட் வரை இறங்கின. 7805-க்கு மூச்சுவிடக் குறைந்தது 7 வோல்ட்டாவது வேண்டும். பள்ளம் வரும்போதெல்லாம் அது தோற்று, வெளியீட்டிலும் சிறு குழி விழுகிறது. 60 ஹெர்ட்ஸில் இரண்டு உச்சங்களுக்கு இடையே 8.3 மில்லி விநாடி, 50-இல் 10. கெப்பாசிட்டர் அந்தக் கூடுதல் நேரத்துக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும். புதிய கெப்பாசிட்டர் சமாளிக்கும். நாற்பது வயதைத் தாண்டிய, கொள்ளளவு சுருங்கிய எலக்ட்ரோலிட்டிக் சமாளிக்காது.

முந்தைய உரிமையாளர் இதைக் கவனித்திருக்க மாட்டார். அதற்கும் காரணம் உண்டு. 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வரும் அலைச்சல் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) நொடிக்கு 120, படம் 59.8-இன் இருமடங்கு, 119.6 பக்கம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் திரையில் ஒரு மங்கல் பட்டை ஆமை வேகத்தில் ஊர்ந்துபோகும். கண் அதைப் பொருட்படுத்தாது. இங்கே அலைச்சல் 100. படத்தோடு இருக்கும் இடைவெளி நொடிக்கு இருபதுக்குக் கொஞ்சம் குறைவு. அது ஊர்வதில்லை, துடிக்கிறது. பழுது பழையதுதான், 50 ஹெர்ட்ஸ் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அந்தத் தடத்தின் பெரிய கெப்பாசிட்டரையும் 12 வோல்ட் பக்கம் இருப்பதையும் மாற்றினேன். அதே கொள்ளளவு, வோல்டேஜ் தாங்கும் அளவு ஒரு படி மேலே, 105 டிகிரி வகை. பள்ளம் 8 வோல்ட்டுக்கு மேலே வந்தது. துடிப்பு போயிற்று, இரைச்சலும் காணாமல் போயிற்று. பெரிய மதிப்பு போட்டால் இன்னும் நல்லது என்று தோன்றும், போடாதீர்கள். ஆன் செய்யும் நொடியில் பிரிட்ஜும், அதே வழியில் கணினிக்குள் இருக்கும் 1.5 ஆம்பியர் ஃபியூஸும் தேவையில்லாமல் அடிவாங்கும்.

அடுத்தது கடிகாரம். கமடோர் 64-இல் நேரம் சொல்பவை இரண்டு. பேசிக்கில் டிஐ$ என்று கேட்டால் வருவது கிரிஸ்டலை நம்பிய டைமரிலிருந்து; அதற்குச் சுவரோடு உறவே இல்லை. மற்றொன்று, சிஐஏ எனப்படும் இரண்டு உள்ளீட்டு-வெளியீட்டுச் சிப்புகளுக்குள்ளும் இருக்கும் நாள்நேரக் கடிகாரம். இதற்குத் துடிப்பு வருவது நேராக அந்த 9 வோல்ட் ஏசியிலிருந்து. ஒரு செனர் டையோடால் வெட்டி, ஒரு கேட்டால் சதுரமாக்கி, சிப்பின் காலில் விடுகிறார்கள். கணினி எழும்போது அதன் அடிப்படை நிரலான கெர்னல் ‘60 துடிப்பு ஒரு நொடி’ என்று அமைத்துவிடும். 50 துடிப்புதான் வந்தால் கடிகாரம் பின்தங்கும்: மணிக்குப் பத்து நிமிடம்.

சோதிப்பது எளிது. 56331, 56330, 56329, 56328 ஆகிய முகவரிகளில் இதே வரிசையில் 0 போக் செய்யுங்கள், அதாவது பேசிக்கின் போக் கட்டளையால் எழுதுங்கள். மணியை எழுதியதும் கடிகாரம் நின்றுவிடும், கடைசியாகப் பத்தில்-ஒரு-நொடியை எழுதும்போதுதான் புறப்படும்; அதனால்தான் இந்த வரிசை. ஸ்டாப்வாட்ச் ஒரு நிமிடம் காட்டும்போது மணி, நொடி, பத்தில்-ஒரு-நொடி என்று அதே ஒழுங்கில் பீக் கட்டளையால் படியுங்கள். மணியைப் படித்ததும் காட்சி உறைந்து நிற்கும், கடைசியைப் படித்ததும் விடுபடும். எண்கள் பிசிடி வடிவில் வரும்: பத்தின் இலக்கத்தை 16-ஆல் பெருக்கி ஒன்றின் இலக்கத்தைக் கூட்டியது. 50 நொடி என்றால் திரையில் 80. எனக்கு 80-தான் வந்தது.

தீர்வு ஒரே வரி: போக் 56334, பீக்(56334) ஆர் 128. ‘துடிப்பு 50’ என்று சிப்பிடம் சொல்லும் பிட் அது. இரண்டாவது சிஐஏவுக்கு 56590. அதன்பின் நிமிடம் நிமிடமாகவே ஓடியது.

ஆனால் இது ஆஃப் செய்ததும் மறந்துபோகும். அதோடு, எந்த மின்சாரம் என்று தாமே முடிவுசெய்யும் மென்பொருட்களில் பல, படத்தின் வகையைப் பார்த்தே தீர்மானிக்கின்றன: என்டிஎஸ்சி என்றால் 60, பால் என்றால் 50. என் இயந்திரம் என்டிஎஸ்சி படமும் 50 ஹெர்ட்ஸ் சுவருமாக இருக்கிறது. அந்தக் கணக்கில் இப்படி ஒரு பிராணிக்கு இடமே இல்லை. ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் துடிப்பை டைமரோடு ஒப்பிட்டு அளந்து பார்க்க வேண்டும். நன்றாக எழுதிய நிரல்கள் அப்படித்தான் செய்கின்றன. 9 வோல்ட்டை 60 ஹெர்ட்ஸில் உருவாக்கித் தரும் சுற்று ஒன்றைக் கட்டலாமா என்று யோசித்தேன். ஒரு கடிகாரத்துக்காக அவ்வளவு தூரம் போக மனமில்லை. பூட் டிஸ்க்கில் அந்த இரண்டு போக்கையும் சேர்த்துவிட்டேன்.

டிரைவ் வேறு மாதிரி. அங்கே சுவர் மின்சாரம் பெட்டிக்குள்ளேயே வருகிறது. மோட்டார் டிசி, தன் வேகத்தைத் தானே அளந்து நிமிடத்துக்கு 300 சுற்றில் நிறுத்திக்கொள்வது, அதனால் அங்கே அதிர்வெண் பயமில்லை. (8 அங்குல ஷுகார்ட் எஸ்ஏ800 போன்ற டிரைவ்களை இறக்குமதி செய்பவர்கள் இவ்வளவு அதிர்ஷ்டசாலிகள் அல்ல. அவற்றின் மோட்டார் ஏசி. 50-க்கும் 60-க்கும் வேறு வேறு கப்பி, பெல்ட் மாட்ட வேண்டும்.) கவலை டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றித்தான்.

அதைக் கழற்றிவிட்டு 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் தரும் ஸ்விட்சிங் சப்ளை வைக்கலாம், பலரும் செய்கிறார்கள். எனக்கு இந்த டிரைவின் உள்ளே கைவைக்க விருப்பமில்லை. இங்கே மட்டும் ஸ்டெப்-டவுன் என்று முடிவுசெய்தேன். ஆனால் 110 வோல்ட் அல்ல, ஜப்பானியக் கருவிகளுக்கென்று வரும் 100 வோல்ட் வகை.

காரணம் பழைய வகுத்தல் கணக்கு. 110-ஐ 50-ஆல் வகுத்தால் 2.2, வடிவமைத்த அளவைவிடப் பத்து சதவீதம் கூடுதல் பாயம், கூடுதல் சூடு. 100-ஐ 50-ஆல் வகுத்தால் சரியாக 2. இரும்பைப் பொறுத்தவரை அது அமெரிக்காவிலேயே இருக்கிறது. பதிலுக்கு செகண்டரி (வெளியீட்டுச் சுருள்) வோல்டேஜ் ஆறில் ஒரு பங்கு குறையும். குறையட்டும்: 1541-இன் உள்ளே 9 வோல்ட், 16 வோல்ட் சுருள்கள் இரண்டு ரெகுலேட்டர்களுக்குப் போகின்றன, அவை மிச்ச வோல்டேஜை வெறும் சூடாக வீணடிப்பவைதான். 1541 எவ்வளவு சூடாகும் என்பது அதை வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும். சுமையோடு அளந்தபோது 5 வோல்ட் பக்கத்தின் பள்ளம் 7.6 வோல்ட், ரெகுலேட்டருக்குப் போதும், அதிகமில்லை. இங்கேயும் கெப்பாசிட்டர் சுருங்கியிருந்தால் இந்தக் கணக்கு நிற்காது, ஆகவே 100 வோல்ட்டுக்குப் போகும் முன் அளந்தே தீர வேண்டும். மூடியின்மேல் கைவைத்தால் இப்போது பொறுத்துக்கொள்ள முடிகிறது.

ஸ்டெப்-டவுன் எடுக்கும்போது பார்க்க வேண்டியவை. டிரைவுக்கு 25 வாட் பக்கம்தான் தேவை, 100 விஏ தாராளம். விலை குறைந்தவை பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்: ஒரே சுருள், நடுவில் ஒரு இணைப்பு. அதில் நியூட்ரல் பக்கச் சுருள் அறுந்தால் 230 வோல்ட்டும் வெளியே வந்து நிற்கும். இரண்டு தனிச் சுருள் உள்ள ஐசோலேஷன் வகையில் அந்த ஆபத்து இல்லை. கனமானது, நான் அதைத்தான் எடுத்தேன். மூன்று துளை சாக்கெட் இருக்கிறது என்பதற்காக எர்த் உள்ளே இணைந்திருக்கிறது என்று நம்ப வேண்டாம். மீட்டரால் பார்த்தேன், என்னுடையதில் இணைக்கவில்லை. திறந்து, உள்ளீட்டு எர்த்திலிருந்து வெளியீட்டு எர்த்துக்கு ஒரு தடித்த கம்பி சால்டர் செய்து மூடினேன்.

முதல் முறை டிரைவை ஏற்றும்போது 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் மாட்டியிருந்தேன். ஒரு நொடி பளிச்சிட்டு மங்கியது. ஷார்ட் எதுவும் இல்லை என்று அர்த்தம். பல்பை எடுத்துவிட்டு ஒரு டிஸ்க்கைப் படிக்கவிட்டேன், படித்தது.

கடைசி வேலை ஒரு கம்பி. 1541-இன் பின்னால் இருப்பது எல்லாக் கணினிகளிலும் இருக்கும் அதே மூன்று பின் இன்லெட். மேசைக்கடியில் கிடக்கும் எந்த 230 வோல்ட் கேபிளும் அதில் அழகாகப் பொருந்தும். விஷயம் தெரியாத ஒருவர் உதவி செய்வதாக நினைத்து மாட்டினால் போதும். ஸ்டெப்-டவுனின் வெளியீடு அமெரிக்க வகைச் சாக்கெட் என்பதால், அதற்குப் பொருந்தும் கேபிளை டிரைவின் இன்லெட்டில் மாட்டி, கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டிவிட்டேன். வெட்டாமல் கழற்ற முடியாது. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு ஸ்டிக்கர்: 100 வோல்ட் மட்டும். பழைய கறுப்பு பிரிக்கின் பிளக்கையும் வெட்டி எறிந்தேன், யாரும் அதை ‘ஒரிஜினல்’ என்று சொல்லி மறுபடி மாட்டிவிடக் கூடாதல்லவா.